மனப்பாடம் மட்டும் போதுமா?

கரும்புக்கடையில் உறவினர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தேன். வெளியூர் விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் அவ்வீட்டுப் பிள்ளை விடுமுறைக்கு வந்திருந்தான். நியூட்டனின் முதல் விதியைக் கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்புவித்தான். "மாஷா அல்லாஹ்! ஓடுகின்ற பேருந்து திடீரென நின்றால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம், தம்பி?" என்றேன். விழித்தான். "அது பாடத்துல இல்லீங்க மாமா" என்றான்.

அவனுடைய தாயார் தலை கவிழ்ந்தார். தம் வளையல்கள் இரண்டையும் விற்றுக் கட்டணம் செலுத்தியவர் அவர். "சந்தேகம் கேட்டா நேரம் வீணாகுதுன்னு திட்டறாங்களாம்ங்ண்ணா. இவனும் கேக்கறதையே விட்டுட்டான்" என்றார். அப்பிள்ளையிடம் அறிவுக்குக் குறைவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம்தான் பறிபோயிருந்தது.

சகோதர சகோதரிகளே! கொங்கு மண் உழைப்புக்குப் பெயர் பெற்றது. பலனைக் கணக்கிட்டு முதலிடும் பண்பு இங்கே ஊறியது. அதுவே கல்வியிலும் புகுந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதிப் பள்ளிகள் பெருகின. மதிப்பெண்ணே விளைச்சல் என்றாயிற்று. பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டுகள் உருப்போட வைக்கும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் வேரூன்றியது. நுழைவுத் தேர்வுகளோ இரு வகுப்புகளிலிருந்தும் வினா எழுப்புகின்றன. மாணவர் அங்கே இடறினர்.

2017இல் அரசு தேர்வுத் தரவரிசை அறிவிப்பதை நிறுத்தியது. 2017-18ஆம் கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அத்தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நன்றே. ஆனால் பழைய வழக்கம் திரும்பாமல் காக்கும் பொறுப்பு இனிப் பெற்றோராகிய நமக்கும் உண்டு.

மாற்று வழியும் நம் மாநிலத்திலேயே நடத்திக் காட்டப்பட்டதுதான். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி வகுத்த முறையிலிருந்து கற்று, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கப்பெற்றது. 2007இல் அது மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார். சிறுவர் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. பாடங்கள் படிப்படியான அட்டைகளாயின. ஓர் அட்டையைத் தேறிய பிள்ளை அடுத்ததற்குச் செல்லும். தேறாத பிள்ளைக்கு அவமானமில்லை, மீண்டும் முயலும். ஆயினும் பெற்றோர் சிலர், "இது விளையாட்டாக அல்லவா இருக்கிறது!" எனக் குறைப்பட்டனர். சத்தமிட்டு ஒப்பிப்பதே படிப்பு என்பது நம்மில் ஊறிய எண்ணம். கற்பிக்கும் முறையை அரசாணை மாற்றிவிடும். வீட்டின் எண்ணத்தை யார் மாற்றுவது?

இம்முறை நமக்கு முற்றிலும் புதிதா? நம் மக்தபை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவருக்கும் அன்றைய சபக் வேறு. உஸ்தாதிடம் தனித்தனியே ஓதிக்காட்டுவர். பிழை திருந்திய பின்னரே அடுத்த பாடம். அவரவர் வேகத்திற்கேற்பக் கற்பிக்கும் இம்மரபு நம் கையிலேயே இருந்திருக்கிறது! மனனம் செய்தலும் குற்றமன்று. ஹாஃபிழ்களைப் போற்றும் சமுதாயம் நாம். ஆனால் ஓதியதன் பொருளை அறியவும் முயல வேண்டும் என்பதும் நமக்குக் கற்பிக்கப்பட்டதன்றோ? உலகக் கல்விக்கு மட்டும் அது பொருந்தாதா?

பள்ளியில் சேர்க்கும் முன் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்காதீர்கள். பதினோராம் வகுப்புப் பாடங்கள் முழுமையாக நடத்தப்படுகின்றனவா, ஐயம் கேட்கும் பிள்ளைக்கு விடை கிடைக்கிறதா என்றும் வினவுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "நான் அஞ்சாவதுதான் படிச்சேன்" எனத் தயங்க வேண்டாம். கோவையில் நம் வீடுகளில் தமிழ், உருது, மலையாளம் எனப் பல மொழிகள் புழங்குகின்றன. பள்ளியில் எந்த மொழியில் பயின்றாலும், அன்றைய பாடத்தை வீட்டு மொழியில் உங்களுக்குச் சொல்லித்தரப் பிள்ளையைக் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் அவனுக்கும் புரிந்துவிட்டது என்று பொருள். சொல்ல இயலாவிடில் அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். "நாளைக்கு வாத்தியாரைக் கேட்டுட்டு வா கண்ணு" என்று அனுப்புங்கள்.

அன்று மாலை உறவினர் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை அப்பிள்ளை என்னுடன் வந்தான். பேருந்து வந்து நின்றது. உள்ளே நின்றிருந்தவர்கள் முன்னால் சாய்ந்தனர். "மாமா, வண்டி நின்னாலும் அவங்க உடம்பு நிக்கலீங்க... அந்த விதி இதுதானுங்களா?" என்றான். அவன் முகத்தில் தோன்றிய ஒளியை மதிப்பெண் பட்டியல் எதிலும் நான் கண்டதில்லை. அல்ஹம்துலில்லாஹ்!