தறியில் இருப்பவருக்கும் நாவல் வேண்டும்

ஒலிநூல் கேட்பதை வாசிப்புக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்பதைப் படித்தவர்கள் பொழுதுபோக்கு விவாதமாகவே நடத்துகிறார்கள். காஞ்சிபுரத்தில் வைத்துக் கேட்டால் இந்தக் கேள்விக்குக் கனம் கூடிவிடுகிறது. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் கால் மிதியிலும் கை நாடாவிலும் கண் இழையிலும் கட்டுண்டு கிடக்கின்றன. பகல் முழுவதும் அவருக்கு ஓய்வாக இருக்கும் புலன் காது ஒன்றுதான். அந்தக் காது வழியே ஒரு நாவல் உள்ளே போனால் அது வாசிப்பாகாது என்று தீர்ப்பு எழுதுவது, நாவல் என்ற கலையே அவருக்குக் கிடையாது என்று சொல்வதற்குச் சமம். நாவலைக் கேட்பவரும் முழு வாசகர்தான் என்பது என் வாதம். அதை ஒப்புக்கொண்டால், நல்ல தமிழ் நாவல்களைக் குரலாக்கும் வேலையைச் சந்தையிடம் மட்டும் விட்டுவைக்காமல் பொதுநூலகமும் கையில் எடுத்தாக வேண்டும்.

காஞ்சி பழங்காலந்தொட்டே நூல்களைக் காதால் வாங்கிய ஊர். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தைக் குமரகோட்டத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. அரங்கேற்றம் என்றால் சபை நடுவே படித்துப் பொருள் சொல்லி, கேட்டவர்களின் தடைகளுக்கு விடை கூறி ஏற்பைப் பெறுவது. அன்று ஒரு நூல் வெளியாவது அப்படித்தான். வரதராசப் பெருமாள் கோயிலில் பிரபந்தத்தை யார் ஓதுவது என்ற வழக்கு தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறியிருக்கிறது. உரக்கச் சொல்லப்படும் சொல்லுக்கு இந்த ஊர் கொடுத்துவரும் மதிப்பு அதிலும் தெரிகிறது. சுற்றுவட்டக் கிராமங்களின் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்லிபாரதச் செய்யுள் ஒன்றைப் பாடி நிறுத்தி, அதை ஊர்ப் பேச்சில் விரித்துச் சொல்லும் பிரசங்கியாரின் முன்னால், எழுத்தறியாதவர்கள் ஒரு காப்பியத்தை நாள்கணக்கில் தொடர்ந்து கேட்டு முடித்திருக்கிறார்கள். இதே ஊரில் நெசவுக் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அண்ணா, 1942-இல் இங்கிருந்தே ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். இயக்க இதழ்கள் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க, பலர் சுற்றியிருந்து கேட்கப் பரவியவை என்பது அந்தக் கால வரலாற்றில் நன்கு பதிவான செய்தி. அன்று காதால் கேட்டு அரசியல் தெளிவு பெற்றவர்களை யாரும் அரைகுறை வாசகர்கள் என்று தள்ளவில்லை.

உழைக்கும் இடத்துக்கே நாவல் வந்ததற்கு உலகில் துல்லியமான முன்மாதிரி உண்டு. கியூபாவின் ஹவானா நகரத்தில் 1865-இல் எல் ஃபீகரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்காக ஒரு வாசிப்பாளர் அமர்த்தப்பட்டார். கைகள் புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, உயரமான மேடையில் உட்கார்ந்து அவர் செய்தித்தாளும் நாவலும் படித்தார். அவருக்குச் சம்பளம் முதலாளியின் கையிலிருந்து வரவில்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எந்த நாவலைப் படிப்பது என்பதையும் அவர்களே வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். விக்தோர் யூகோவும் அலெக்சாந்தர் தூமாவும் அங்கே பெரிய பெயர்கள். தூமாவின் நாவல் நாயகன் பெயரிலேயே ஒரு சுருட்டு இன்றும் விற்பனையாகிறது. அடுத்த ஆண்டே காலனி அரசு அந்த வாசிப்புக்குத் தடை போட்டது. பின்னால் அது மீண்டும் தழைத்தது. கியூபத் தொழிலாளர்கள் அமெரிக்காவின் டாம்பா நகருக்குக் குடிபெயர்ந்தபோது வாசிப்பாளரும் கூடவே போனார். 1931-இல் அங்கே முதலாளிகள் அந்த மேடையை அகற்றி வானொலியை வைத்தார்கள். கூலியை வெட்டிக் கொடுத்து நாவல் கேட்டவர்களின் கவனத்தைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டிய பொருளாக முதலாளிகளுக்கு அந்த வாசிப்பு தெரிந்திருக்கிறதே, அதுவே போதுமான சான்று.

இனி நாவல்களுக்கு வருவோம். காதில் விழும்போது எல்லா நாவலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ கேட்பதற்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது. வாரந்தோறும் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் நிற்பவை. மதங்கொண்ட யானைமீது பரஞ்சோதி வேலெறியும் கட்டம் கண்ணால் படிக்கையில் சட்டென்று தாண்டிவிடும். கேட்கையில் அந்தத் தெருவின் கூச்சலே எழுகிறது. அஜந்தாவின் அழியாத வண்ண இரகசியத்துக்காக ஆயனர் தவிக்கும் இடங்கள், சாயம் நிற்குமா வெளுக்குமா என்ற கவலையோடு பட்டைக் கையாளும் ஊருக்கு வெறும் கதையாக இராது. கடைசியில் சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புக்கொடுக்கும் இடத்தை, அந்தக் கோபுரம் கண்ணில் படும் தெருவில் உட்கார்ந்து கேட்பவருக்கு அடிக்குறிப்பு எதுவும் வேண்டியதில்லை. கல்கியின் குறையும் காதில்தான் பளிச்சென்று தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே உணர்ச்சியை இரண்டு மூன்று முறை விளக்கும் பழக்கத்தைக் கண் தாவிக் கடந்துவிடும். காது முழுவதையும் பொறுத்திருந்தே கேட்டாக வேண்டும்.

இதைவிட முக்கியமானது வட்டாரப் பேச்சில் எழுதப்பட்ட நாவல்களின் நிலை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வந்தது. சலவைத் தொழில் செய்யும் ஆரோக்கியத்தின் குடும்பம், ஊர் கொடுக்கும் தானியமும் மரியாதையும் வற்றிப்போவதைப் பார்த்துக்கொண்டே வாழும் கதை. அதன் உரையாடல்களில் வட மாவட்டப் பேச்சு அப்படியே எழுத்தாகியிருக்கிறது. பாடப்புத்தகத் தமிழில் பழகிய கண் அந்த எழுத்துக்கூட்டலில் இடறுகிறது. பலர் பத்துப் பக்கத்தோடு மூடி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவரின் காதில் அதே வரிகள் தங்குதடையின்றி இறங்கும். ஆரோக்கியத்தின் புலம்பலை மௌனமாகப் படிப்பவருக்குச் செய்தி மட்டும் கிடைக்கிறது. அதன் இழுப்பும் மூச்சும் குரலில்தான் இருக்கின்றன. கி. ராஜநாராயணனுக்கும் பூமணிக்கும் இது பொருந்தும். நவீனத் தமிழ் நாவலின் சிறந்த பகுதி பேச்சிலிருந்து பிறந்தது. அது மறுபடி பேச்சாவதில் அதற்கு இழப்பில்லை.

மறுப்புகளில் வலுவானது கவனம் பற்றியது. கேட்பவரின் மனம் அலைகிறது, நினைவில் தங்குவதில்லை என்கிறார்கள். இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 2010-இல் ஓர் ஆய்வில், கட்டுரையை ஒலிப்பதிவாகக் கேட்ட கல்லூரி மாணவர்கள் படித்தவர்களைவிடத் தேர்வில் குறைவாகவே எடுத்தார்கள். 2013-இல் வந்த இன்னொன்று, கேட்கையில்தான் மனம் அதிகம் அலைகிறது என்று கண்டது. ஆனால் 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு வாழ்க்கை வரலாற்று நூலின் பகுதிகளைப் படித்தவர்கள், கேட்டவர்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்கள் என்ற மூன்று குழுவினருக்கும் புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் இல்லை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புலப்படுவது இதுதான்: பாடத்துக்குத் திரும்பிப் பார்க்கும் கண் வேண்டும், கதை தன் ஓட்டத்தாலேயே காதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே எல்லா நாவலும் கேட்கத் தக்கது என்று நான் வாதாட மாட்டேன். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ போன்ற நூலில் ஒரு வாக்கியத்தில் நின்று, முரண்பட்டு, முந்தைய பக்கத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. அதைக் கையில் புத்தகமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பழகும் வயதுக் குழந்தைக்கும் ஒலிநூல் புத்தகத்துக்கு மாற்றாகாது. அதில் எனக்கு ஐயமே இல்லை.

நெய்துகொண்டே கேட்டால் வேலை கெடாதா என்று கேட்பவர்கள் தறியின் வேலையை ஒரே தட்டையான வேலையாக நினைத்துவிடுகிறார்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாவும் இரண்டு பேரும் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரு நிற ஊடையும் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்க வேண்டும். முந்தி தொடங்கும் இடத்தில் பேட்னி போடும்போது, பழைய பாவிழையோடு புதிய நிறத்துப் பாவிழையைச் சேர்த்து நெய்து இணைக்கிறார்கள். அப்போது யாரும் கதை கேட்கச் சொல்லவில்லை. புட்டா என்னும் பூவேலை இல்லாத வெற்று உடலில் ஒரே அசைவு ஆயிரக்கணக்கில் திரும்ப வரும் நேரம் வேறு. தறிக்கூடங்களில் வானொலிப் பாட்டு ஒலித்துவருவதே அந்த நேரத்தை நிரப்பத்தான். எப்போது கேட்பது, எப்போது நிறுத்துவது என்பது நெய்பவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பாட்டுக்குத் தோன்றாத இந்த அக்கறை நாவல் என்றதும் தோன்றுவதில், உழைப்பவருக்கு இலக்கியம் எதற்கு என்ற பழைய எண்ணம் ஒளிந்திருக்கிறதோ என்று அஞ்சுகிறேன்.

குரல் கொடுப்பவர் தன் விளக்கத்தை நம்மீது திணிக்கிறார் என்ற மறுப்பை நான் பாதிக்குமேல் ஏற்கிறேன். பின்னணி இசை, எதிரொலி, அழும் பாத்திரத்துக்கு அழுது காட்டுவது ஆகியவை நாவலை நாடகமாக்கிக் கேட்பவரின் கற்பனையைப் பறிக்கின்றன. நல்ல வாசிப்பாளர் வாக்கியத்துக்கு மூச்சு கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர். இதற்கு வேண்டியது பயிற்சியும் நல்ல ஊதியமும். காஞ்சிப் பகுதியின் பாரதப் பிரசங்கியார்களும் கூத்துக் கலைஞர்களும் மணிக்கணக்கில் குரலைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். விழாக்காலம் தவிர்ந்த மாதங்களில் அவர்களுக்கு வருமானம் தேவை. கூத்துக் கலைஞர்களின் அமைப்பான கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இலிருந்து இந்தப் பகுதியில் வேரூன்றியது. நாடகக் குரலைத் தணித்து வாசிப்புக் குரலாக்கிக்கொள்ள அவர்களுக்குச் சற்றுக் காலம் பிடிக்கலாம். ஆனால் குரலின் சத்து அவர்களிடம் இருக்கிறது.

இப்போதைய ஒலிச் செயலிகளில் தமிழ் கிடைக்கிறது. ஸ்டோரிடெல், குக்கு எஃப்.எம். போன்றவை வந்ததால்தான் கேட்கும் பழக்கம் மீண்டிருக்கிறது. அந்த நன்றி உண்டு. ஆனால் சந்தாவை நம்பி நடப்பவர்கள் விலைபோகும் சரக்கையே முன்வரிசையில் வைப்பார்கள். கல்கியின் நாவல்கள் அரசுடைமை என்பதால் அவற்றுக்கு எத்தனையோ குரல்கள் கிடைத்துவிட்டன. நெசவாளரைப் பற்றிய நாவல்களை யார் குரலாக்குவார்கள்? தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953-இல் வந்தது. விடுதலைக்குப் பின்னான ஆண்டுகளில் நூல் கிடைக்காமல் முடங்கிய நெல்லைக் கைத்தறிக் குடும்பங்களின் கதை. செக் மொழிவரை போன நாவல். கும்பகோணத்தின் சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்தில் பிறந்து ஜரிகை வணிகமும் செய்த எம்.வி. வெங்கட்ராம், அந்த உலகத்தையே ‘வேள்வித் தீ’ ஆக்கினார். அவருக்கு 1993-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த ‘காதுகள்’, தனக்குள் ஓயாமல் குரல்களைக் கேட்பவனின் நாவல். தேர்ந்த குரலில் கேட்டால் அதன் திகில் இரட்டிப்பாகும் என்று நம்புகிறேன்.

இந்த மாநிலத்தில் 1948-இலேயே பொதுநூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியையும் கட்டுகிறோம். தறி வீட்டுக்காரரும் கட்டுகிறார். அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகங்களைப் படிக்க அவருக்குப் பகலில் கண் ஓயாதபோது, அதே பணத்தில் ஆண்டுக்குப் பத்து நாவல்களையாவது உரிய உரிமைத்தொகை கொடுத்துப் பதிவுசெய்து, எந்தக் கைப்பேசியிலும் இலவசமாகக் கேட்கும்படி வைப்பது நூலகத்தின் கடமைக்குள் வருவதுதான். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஒலிவடிவம் தயாரிக்க 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது. மற்றவர்களுக்கு எழுத்தாளரோடு ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு ஆகும் செலவு கட்டடச் செலவோடு பார்த்தால் சிறியது. எந்தப் பத்து என்பதை ஹவானாவில் செய்ததுபோல் கேட்பவர்களிடமே, பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வாக்குக்கு விடலாம். என் வாக்கு முதலில் ‘பஞ்சும் பசியும்’ நாவலுக்கு. தறியைப் பற்றி ரகுநாதன் எழுதியது சரிதானா, நூல் முதலாளிக்கும் நெசவாளிக்கும் இடையிலான கணக்கை அவர் முழுதாகப் பிடித்தாரா என்று தறியில் உட்கார்ந்தபடியே எடைபோடக்கூடிய வாசகர்கள் இங்கே தெருத்தெருவாக இருக்கிறார்கள். இலக்கிய விமர்சனம் அவர்களிடம் இன்னும் கருத்தே கேட்கவில்லை.