நான்கு மட்டைகளும் ஓரெண்ணும்

மேசைப்பந்து, பாட்மிண்டன், ஸ்குவாஷ், டென்னிஸ் ஆகிய நான்கினையும் ஒருவரே அடுத்தடுத்து ஆடும் ராக்கெட்லான், 1980களில் பின்லாந்திலும் சுவீடனிலும் தோன்றியது. ஆட்டமொன்றுக்கு 21 புள்ளி. கூட்டுத்தொகையே வெற்றியை நிர்ணயிக்கும். மேசைப்பந்தை 21-6 என வென்றவன், அடுத்த இரண்டினையும் 18-21 எனத் தோற்பினும், டென்னிசில் 13 புள்ளி பெற்றாற் போதும்; வாகை அவனதே. (இக்கணக்கை யாம் இருமுறை கூட்டிப் பார்த்தோம்!) இத்தகைய ஆட்டத்திற்குத் தேசியத் தரவரிசை வகுப்போர், பெயரருகே ஒரேயோர் எண்ணை இட்டு அமைதல் தகுமோ? எம்மட்டையில் வல்லான், எதில் மெலியான் என்பது அதனுள் மறைந்தொழிகின்றது. அன்றியும், போட்டிதோறும் சென்றார்க்கே எண் பெருகுமாயின், வழிச்செலவுக்கு வகையற்ற இளைஞன் என்றும் அடியிலேயே கிடப்பான். நான்கு ஆட்டங்களுக்கும் நான்கு எண்களும், அவன் ஆடிய போட்டிகளின் தொகையும் பட்டியலில் ஏறுதல் வேண்டுமென்பதே எமது துணிபு.