ஒரே திறவுகோல்

நூல்நிலையத்திற்கு ஒரு கடவுச்சொல், புள்ளிப் பதிவேட்டிற்கு இன்னொன்று, கந்தோர்க் கணக்கிற்கு வேறொன்று. நினைவு தளர்ந்தவர் அவற்றைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுகின்றார். பின்பு காவல் ஏது?

ஒருமுறை தம்மை மெய்ப்பித்தவர் எல்லா வாயிலிலும் புகத்தக்க ஏற்பாட்டினைக் கல்லூரி தன் வலையமைப்பினுள்ளேயே அமைத்தல் வேண்டுமென்பது எமது துணிபு. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த கீக்ளோக் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. நூல்நிலைய மென்பொருள் கடவுச்சொல்லைக் காண்பதேயில்லை. காவற்கணினி ஒப்பமிட்டு அனுப்பும் சீட்டையே காண்கின்றது.

வெளியார் காவலை நம்பினாற் போதாதோ என்பர் சிலர். 2021 ஒக்டோபர் 4ஆம் நாள் பேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, அக்கணக்கினாற் பிற தளங்களுட் புகுவோரும் வெளியே நின்றனர்.

நமது கணினி முடங்கினும் அக்கதியே. இதனை மறைக்க யாம் விரும்பவில்லை. ஒரே திறவுகோல் களவுபோயின் எல்லா அறைகளும் திறக்கும். ஆதலாற் கைத்தொலைபேசியில் தோன்றும் 6 இலக்க எண்ணையுங் கேட்டல் வேண்டும். நாள்தோறும் படியெடுத்தலும், தனியே பூட்டிவைத்த அவசரக் கணக்கொன்றும், பொறுப்பாளர் இருவரும் இன்றி இதனைத் தொடங்குதல் தகாது. ஒருவர் போதாது, அவர் வெளிநாடு சென்றுவிடுவார்!

யூபிலி நிதியிற் கணினி வாங்கித்தர முன்வருவோர் பலர். பழைய மாணவருள் இத்தொழிலறிந்த இருவர் தம் பெயரைத் தருவாராயின், வாங்கும் பேச்சை அதன் பின்னர் எடுக்கலாம்.