எலும்பையும் எண்ணுங்க

பஞ்சகவ்யம் தெளிக்கிறோம், ஜீவாமிர்தம் விடுறோம். சரிதான். ஆனா காத்துக்கும் ஆத்துத் தண்ணிக்கும் யாரு வரப்பு போடறது? கடலூர் சிப்காட்டை ஒட்டியிருக்கிற குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் ஊர்க்காரங்களைக் கேளுங்க.

2004இல் அங்குள்ள மக்களே வாளி மாதிரி எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருட்கள் அதில் இருந்தன. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டு நாக்பூர் நீரி நிறுவனம் ஆய்வு செய்தது. இங்கே வாழ்நாளில் புற்றுநோய் வரும் ஆபத்து குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்றது. 2008இல் அது செய்தியானது. ஆனா ஒண்ணு. அது காற்றிலிருந்த நச்சின் அளவை வைத்துப் போட்ட கணக்கு. வீடு வீடாகப் போய் நோயாளிகளை எண்ணியது அல்ல. எண்ணாத வரைக்கும் 'நிரூபணம் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

புற்றுநோயைப் பற்றியாவது பேசுறோம். எலும்பைப் பற்றி யார் பேசுறா? ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவின் காட்மியம் ஆற்று நீர் வழியே வயலுக்கு வந்தது. அந்த அரிசியைச் சாப்பிட்ட வயதான பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு இளகி, இருமினாலே முறிந்தது. நோய்க்குப் பெயரே 'இத்தாய் இத்தாய்'. 'வலிக்குது, வலிக்குது' என்று அர்த்தம். 1968இல்தான் அரசு அதை மாசுநோய் என்று ஒப்புக்கொண்டது. அதே காட்மியம் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலிலும் இருக்கிறது.

நம்ம வீட்டுப் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா வயசாயிடுச்சுன்னு விட்டுடுறோம். பெரும்பாலும் வயசுதான் காரணம். ஆனா உப்பனாற்றுச் சேற்றில் கன உலோகங்களைக் கண்ட ஊர்ப் பக்கம் அப்படி விட்டுவிடலாமா?

சிதம்பரம் மருத்துவக் கல்லூரி 2021 முதல் அரசுக் கல்லூரி. பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம். மருத்துவர்கள் ஊர்வாரியாகப் புற்றுநோயையும், அறுபது தாண்டியவர்களின் இடுப்பு முறிவையும் எண்ணட்டும்; சிறுநீரில் காட்மியம் பார்க்கட்டும். வேளாண் ஆட்கள் மண்ணையும் நெல்லையும் பார்க்கட்டும்.

நாமும் சும்மா இருக்க வேண்டாம். பாஸ்பேட் உரத்தோடும் காட்மியம் வரும். 'இயற்கை' என்று நாம போடுற ராக் பாஸ்பேட்டும் அதில் சேர்த்திதான், அதையும் சோதிக்கக் கேளுங்க. மக்கு மண்ணில் நிறைய இருந்தால் காட்மியத்தைப் பிடித்து வைக்கும். கதிர் வரும் நேரத்தில் வயலைக் காயவிட்டால் நெல் அதைக் கூடுதலாக உறிஞ்சும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இந்தக் கணக்கைக் கேட்டுத் தீர்மானம் போடுங்க. அதுவரைக்கும் ஊருக்கு ஒரு நோட்டு போட்டு நாமே எழுத ஆரம்பிக்கலாம். முதல் நோட்டு நான் வாங்கித் தர்றேன்.