பூட்டு உடையாத வீடுகள்

தமிழ் நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்துக்கென்றே அச்சுக் கோத்து வைத்தது போன்ற ஒரு வாக்கியம் உண்டு: ‘வீட்டின் பூட்டை உடைத்து மர்ம நபர்கள் கைவரிசை.’ ஊர்ப் பெயரும் பவுன் கணக்கும் மட்டுமே நாள்தோறும் மாறும். இந்த ஒற்றை வாக்கியத்தில் இரண்டு பொய்கள் ஒளிந்திருக்கின்றன என்பது என் கட்சி. களவில் உடைவது பெரும்பாலும் பூட்டு அன்று என்பது ஒன்று. உடைக்காமலே திறக்கக்கூடிய பூட்டுகள்தாம் நம் கதவுகளில் மிகுதி என்பது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவது பொய்க்கு ஏழைகள் விலை கொடுக்கிறார்கள் என்பதாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் பொய்யை விரைவில் கடந்துவிடலாம். கடைக்குச் செல்லும் நாம் ‘எத்தனை லீவர்?’ என்று கேட்டுப் பூட்டு வாங்குகிறோம். ஆறா, எட்டா, பத்தா என்று பேரம் பேசுகிறோம். லீவர்களின் எண்ணிக்கை தவறான சாவியைத் தடுப்பதற்கானது. கடப்பாரையோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. பத்து லீவர் பூட்டு தொங்குவது எதில்? ஒரு நாதாங்கியில். அந்த நாதாங்கியைத் தாங்குவது அரை அங்குலத் திருகாணிகள் நான்கு. அவை பதிந்திருப்பது பெயருக்குத் தேக்கு எனப்படும் ஏதோவொரு மரத்தில். நெம்புபவன் பூட்டைத் தொடுவதே இல்லை. கொண்டியோடு பெயர்த்தெடுத்துப் பூட்டைப் பூட்டியபடியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போகிறான். போதாக்குறைக்கு, வாயிற்கதவின் வெளிப்புறம் தொங்கும் பூட்டு, ‘இவ்வீட்டில் ஆளில்லை’ என்று தெருவுக்கு அறிவிக்கும் பலகையாகவும் பணியாற்றுகிறது.

திண்டுக்கல் பூட்டை நான் குறைகூறுவதாக எவரும் கருத வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவினை நம் பெருமைகளுள் ஒன்று. ஆனால் கொல்லர் உயிரைக் கொடுத்துச் செய்த பூட்டை நான்கு சிறு திருகாணிகளில் மாட்டிவிட்டுப் பழியைப் பூட்டின் மேல் போடுகிற வீடு கட்டுவோரையும் வாங்குவோரையும் என்னவென்பது?

இரண்டாவது பொய் சற்று ஆழமானது. இன்று அடுக்ககக் கதவுகளில் பதிக்கப்படும் உருளைப் பூட்டு, அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. உருளைக்குள் சிறு ஊசிகள் இணை இணையாக, சுருள்வில்லின் அழுத்தத்தில் நிற்கும். உரிய சாவி நுழைந்தால் எல்லா இணைகளும் பிரியும் இடம் ஒரே கோட்டுக்கு வரும், உருளை சுழலும். கோட்பாட்டளவில் குறையற்ற ஏற்பாடு. ஆனால் மலிவு விலைக்குத் துளையிடப்படும் பித்தளையில் துளைகள் இம்மியும் பிசகாமல் ஒரே கோட்டில் அமைவதில்லை. அந்த இம்மிதான் திருடனின் வாயில். கேரம் பலகையில் ஒட்டி நிற்கும் இரு காய்களில் முன்னதை அடித்தால் பின்னது விலகி ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். அதே இயற்பியலால் ஊசிகளைக் கணநேரம் பிரித்துப் பூட்டைத் திறந்துவிடலாம் என்பதை நெதர்லாந்தின் பூட்டு ஆர்வலர்கள் 2005 வாக்கில் விரிவாக எழுதியே வெளியிட்டார்கள். இவ்வாறு திறக்கப்பட்ட பூட்டு முன்போலவே இருக்கும். வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு அது திறக்கப்பட்டதாகவே தோன்றாது.

இதைச் சொன்னால் நண்பர்கள் பதறுகிறார்கள். “திருடனுக்குப் பாடம் எடுக்கிறீர்களா?” என்கிறார்கள். இக்கேள்விக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல். 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது எனப் பெயர்பெற்றிருந்த சப் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். 200 கினி பரிசு அறிவிப்புடன் அறுபது ஆண்டுகளாகக் கடைச் சாளரத்தில் வீற்றிருந்த பிராமா பூட்டை, 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். அன்றும் இதே கூக்குரல் எழுந்தது. ஹாப்ஸ் தரப்பின் வாதம் எளியது: களவைத் தொழிலாகக் கொண்டவன் நம் விளக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை, அறியாதவன் வீட்டுக்காரன் மட்டுமே. இதன் விளைவாகப் பூட்டு நிறுவனங்கள் தம் பூட்டுகளைத் திருத்த நேர்ந்தது. மௌனம் ஒரு பூட்டையும் திருத்தியதில்லை.

இனி அந்த மௌனத்தின் விலைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு குடும்பம் வெளியூர்த் திருமணத்துக்குப் போய்த் திரும்பியபோது பீரோவிலிருந்த நகைகள் இல்லை. வாயிற்பூட்டு கீறல் இல்லாமல் இருந்தது. ‘பூட்டு உடையவில்லை, அப்படியானால் உள்ளாள் வேலைதான்’ என்று அரை மணி நேரத்தில் முடிவாயிற்று. பாத்திரம் துலக்க வந்துகொண்டிருந்த பெண்மணி மூன்று நாள்கள் காலையிலிருந்து இருட்டும் வரை விசாரணைக்காக உட்கார வைக்கப்பட்டார். தெருவின் மற்ற நான்கு வீடுகளும் அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டன. ஏழு மாதம் கழித்து வேறோர் ஊரில் வேறொரு வழக்கில் பிடிபட்டவன் இந்த வீட்டையும் ஒப்புக்கொண்டான். நகையில் ஒரு பகுதி வீடு திரும்பியது. அந்தப் பெண்மணிக்கு வேலையும் திரும்பவில்லை, வருத்தம் தெரிவித்து ஒரு சொல்லும் வரவில்லை. பூட்டு உடையவில்லை என்பது அவருக்கு எதிரான ஒரே சாட்சி. அந்தச் சாட்சியின் யோக்கியதையை ஒருவரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிய காட்சியா? மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையில், உளியும் நூலேணியும் கொண்டு இரவில் திரியும் கள்வர்களை எதிர்கொள்ளும் ஊர்க்காவலர்கள் நூலறிவில் தேர்ந்தவர்கள். கள்வர் செல்லும் வழியை அறிந்து நள்ளிரவு மழையிலும் சோர்வின்றிக் காப்பவர்கள். அதே மதுரையில்தான் சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லனும் இருக்கிறான். கோவலனின் தோற்றத்தைக் கண்டு ‘இவன் கள்வன் அல்லன்’ என்று தயங்கிய காவலர்களிடம், கள்வருக்குத் துணையாவன எட்டு என்று களவு நூலையே எடுத்து விரிக்கிறான் உண்மைக் கள்வன். கேட்டிருந்தவர்களுள் கல்வியற்ற, குடிவெறியிலிருந்த ஒருவன் வாளை வீசுகிறான். களவின் நுட்பம் கள்வனுக்கு மட்டும் தெரிந்திருந்து காவலுக்குத் தெரியாமற்போனால் வெட்டுப்படுவது நிரபராதி என்பதை இளங்கோ இதற்கு மேல் எப்படிச் சொல்ல வேண்டும்? திருடனுக்குப் பாடம் எடுக்காதே என்போர் எனக்கு மறுமொழி சொல்வதற்கு முன் கொலைக்களக் காதையை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.

சட்டமும் இதில் இரண்டு நாக்குகளால் பேசுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 445இல், அத்துமீறி நுழைவதற்காக ஒரு பூட்டைத் திறப்பதையே வீடு உடைத்தலாகக் கொண்டது. பெயர்த்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 330உம் அவ்வாறே. ஆனால் களவுக்கான காப்பீட்டு ஒப்பந்தங்களின் வரையறையில் ‘வன்முறையான நுழைவு’ என்ற சொல் உட்கார்ந்திருக்கும். ஒரு வணிகரின் சரக்கு களவுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல், ஒப்பந்தம் அவ்வாறு வரையறுத்திருக்கும்போது பலப்பிரயோகம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தின் சொற்படி அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் கதவை அறிந்தவனுக்கு அதன் பொருள் வேறு. திருடன் எவ்வளவு கைதேர்ந்தவனோ அவ்வளவுக்கு வீட்டுக்காரரின் கோரிக்கை பலவீனம். முரட்டுத் திருடன் வந்தால் பணம் கிடைக்கக்கூடும். கலைஞன் வந்தால் சந்தேகம் மட்டுமே மிஞ்சும்.

மாற்று வழி இல்லையா என்றால், இருக்கிறது. பூட்டு எதையும் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. ஐரோப்பியத் தரமுறை இந்த உண்மையை ஒப்புக்கொண்டு, கதவையும் நிலையையும் பூட்டையும் ஒரே உறுப்பாகச் சோதித்து, உரிய கருவிகளுடன் தாக்கும்போது 3 நிமிடம் தாங்குமா, 5 நிமிடமா, 10 நிமிடமா என்று தரம் பிரிக்கிறது. இங்கிலாந்தில் 2015 முதல் புதிய குடியிருப்புகளின் கதவும் சன்னலும் களவைத் தாங்கும் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது கட்டட விதி. இங்கோ சமையலறைக் கல்லின் நிறத்தைக் கேட்டு எழுதித் தருகிற வீடு கட்டும் நிறுவனம், கதவு எத்தனை நிமிடம் தாங்கும் என்று ஒரு வரி எழுதுவதில்லை. நாமும் கேட்பதில்லை. பூட்டின் அட்டைப்பெட்டியில் ‘உயர் பாதுகாப்பு’ என்று அச்சிட்டிருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது.

நான் கேட்பவை பெரியன அல்ல. நாதாங்கிக்கு அரை அங்குலத் திருகாணிக்குப் பதில் கதவை ஊடுருவி உட்புறம் மரை முடுக்கிய போல்ட்டு. இதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் அடங்கும். ‘லீவர்’ எண்ணிக்கைக்கு அருகில், தாக்குதலை எவ்வளவு நேரம் தாங்கும் என்ற எண். ஒப்பந்தத்தில், பூட்டு திறக்கப்பட்டாலும் களவு களவே என்ற ஒரு வரி. விசாரணைக்கு வருபவருக்கு, கீறல் இல்லாத உருளையைக் கழற்றித் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பும் பழக்கம். கள்ளச் சாவியும் கருவியும் ஊசிகளின் மேல் விட்டுச்செல்லும் நுண்தடங்களை உருப்பெருக்கியில் காண முடியும். அதற்கு முதலில் பூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நாம் பூட்டைச் சந்தேகிப்பதில்லை. அதை வாங்கியவர் நாம் என்பதால் அதன் மேல் நமக்கு நம்பிக்கை. பாத்திரம் துலக்குபவர் மேல் அந்த நம்பிக்கை நமக்கு வருவதில்லை. பூட்டு உடையாத வீட்டில் இனியொரு களவு நடந்தால், ஆளைத் தேடும் முன் கதவைப் பாருங்கள்.