தீவுக் கணினிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது யார்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தன. தனிப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அது தீர்வன்று, தவணை மட்டுமே. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. 2016-இல் வாங்கிய கணினி இன்றும் பழுதின்றி இயங்கினாலும் அந்த வரம்புக்குள் வராது.

இச்செய்தி சென்னையில் ஒரு பொருளும் அந்தமானில் வேறொரு பொருளும் தருகிறது. சென்னையில் பழைய கணினியை மாற்றுவது பணத்தைப் பொறுத்தது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில் அது கடலையும் பொறுத்தது. புதிய கருவி கடல் கடந்து வரவேண்டும். கழித்தது கடல் கடந்து போகவேண்டும். போகாதது குப்பையாகத் தீவிலேயே தங்கும்.

இணைய இணைப்பின் வரலாறும் இத்தகையதே. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்படும்வரை தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. வடம் நிலைமையைப் பெரிதும் மேம்படுத்தியது என்பதில் ஐயமில்லை. எனினும் அது போர்ட் பிளேயர் தவிர ஏழு இடங்களையே நேரடியாக இணைக்கிறது. அவற்றிலிருந்து விலகிக் களப்பணிக்குச் செல்லும் ஆய்வு மாணவர் அலைபேசித் தரவைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியவரே.

அன்றாட எரிச்சல்களை இப்பின்னணியில் வைத்துக் காணவேண்டும். கேளாமலே இறங்கும் புதுப்பிப்பு அன்றைய தரவை விழுங்கிவிடுகிறது. அத்தியாயம் ஒப்படைக்க வேண்டிய நாளில் கணினி தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது. விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பை முதன்முறை அமைக்கும்போதே இணைய இணைப்பும் மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கப்படுகின்றன. இவை தனித்தனிக் குறைகள் அல்ல. இணைப்பு எப்போதும் இருக்கும், கருவியை எளிதில் மாற்றிவிடலாம் என்னும் இரண்டு அனுமானங்களின் விளைவுகள். தீவு வாழ்க்கை அவ்விரண்டுக்கும் வெளியே இருக்கிறது.

லினக்ஸ் இதற்கு மாற்றாகுமா? பத்தாண்டுப் பழைய கணினியிலும் அது பெரும்பாலும் இயங்கும். உபுண்டு 24.04 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் மத்திய அரசுக் கொள்கையும் 2015 முதல் உள்ளது. ஒரு துறையில் ஒரே கணினி புதுப்பிப்புகளை ஒருமுறை இறக்கி வைத்தால், மற்றவை உள் வலையமைப்பு வழியே அதிலிருந்து பெறலாம். விண்டோஸிலும் இத்தகைய ஏற்பாடு செய்ய இயலும். ஆனால் வன்பொருள் வரம்பு அங்கே நீங்காது.

எதிர்வாதங்கள் வலுவற்றவை அல்ல. போர்ட் பிளேயரில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடலியல், கடல்வாழ் உயிரியல் துறை இயங்குகிறது. அத்தகைய ஆய்வுகளில் பலரும் கையாளும் பிரைமர் மென்பொருள் விண்டோஸுக்கென எழுதப்பட்டது. அதன் முதன்மைப் பகுப்பாய்வுகளை ஆர் மொழியின் வீகன் தொகுப்பில் செய்யலாம். ஆனால் அதைக் கற்க ஒரு பருவமேனும் ஆகும். நிலப்படங்களுக்குக் கியூஜிஐஎஸ் போதும். பெரிய இடர் வேர்டு கோப்புகளில்தான். நெறியாளர் வேர்டில் திருத்தித் தரும் அத்தியாயத்தை லிபரே ஆபிசில் திறந்தால் அட்டவணைகள் இடம்பெயர்வதுண்டு. துறை மாறாமல் மாணவர் மட்டும் மாறினால் சுமை முழுவதும் அவர்மேலேயே விழும்.

ஆகவே இது தனிமனித விருப்பமாக விடப்படக் கூடாது. துறையின் முடிவாக வேண்டும். தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாடமும் பயிற்சியும் அதைச் சுற்றி அமையாததால் பலருக்கு அது திறக்கப்படாத அறையாகவே இருந்தது. கேரளத்தின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமோ ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பாடநூல்களையும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே அமைத்தது. மாற்றம் அங்கே நிலைத்தது. மென்பொருள் இரண்டிடத்திலும் ஏறத்தாழ ஒரே வகையினது. வேறுபாடு ஏற்பாட்டில் இருந்தது.

தீவுக் கல்லூரிகள் சிறிதாகத் தொடங்கலாம். விண்டோஸ் 11 ஏற்காத பொது ஆய்வகக் கணினிகளைக் கழிக்காமல் லினக்ஸுக்கு மாற்றலாம். புதுப்பிப்புகளுக்கென ஒரு கணினியை ஒதுக்கி, இரு பணியாளர்களுக்குப் பயிற்சி தரலாம். விண்டோஸில் மட்டும் இயங்கும் கருவிகளுக்காக ஓரிரு கணினிகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அடுத்த கொள்முதல் பட்டியல் எழுதப்படும் முன் இம்முடிவை எடுப்பது நல்லது. அதன் பின்னர் எடுத்தால், நன்றாக இயங்கும் கணினிகள் ஏற்கெனவே குப்பைக் கணக்கில் சேர்ந்திருக்கும்.