மரை சேராத குழாய்கள்

1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரக் கடைத்தெருவில், ஜவுளிச் சரக்கு வைத்திருந்த ஒரு பெரிய கட்டடத்தில் தீப்பிடித்தது. உள்ளூர் தீயணைப்புப் படையால் மட்டும் சமாளிக்க முடியாது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்து நகரங்களின் உதவி கேட்கப்பட்டது. வாஷிங்டனிலிருந்து ரயிலில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வீரர்கள் வந்தார்கள். பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களிலிருந்தும் வந்தார்கள்.

ஆட்கள் இருந்தார்கள், இயந்திரங்கள் இருந்தன, தெருவோரக் குழாய்களில் தண்ணீரும் இருந்தது. ஆனால், வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்த ஹோஸ் பைப் பால்டிமோர் குழாய்களில் மாட்டவில்லை. மரை சேரவில்லை! ஒவ்வொரு ஊரும் ஒவ்வோர் அளவில் மரை போட்டு வைத்திருந்தது. தீ சுமார் 30 மணி நேரம் எரிந்தது. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

அந்தப் பேரிடருக்குப் பிறகுதான், நாடு முழுவதற்கும் ஒரே அளவு மரை என்ற விதி அங்கே எழுதப்பட்டது. எல்லா ஊரும் ஒரே கம்பெனியின் குழாயை வாங்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. யார் செய்தாலும், எந்த விலையில் வாங்கினாலும், இணையும் இடத்தில் மட்டும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்றது. அந்த அளவு ரகசியமாகவும் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். இதற்குத்தான் ‘திறந்த தரம்’ என்று பெயர்.

இன்று பேரிடர் வந்தால் தண்ணீரைப் போலவே ஓடியாக வேண்டிய இன்னொன்று, தகவல். அதைக் கொண்டு செல்லும் குழாய்தான் மென்பொருள்.

ஒரு பெயர், பத்துப் பட்டியல்

வெள்ளமோ புயலோ வந்த இரண்டாம் நாளை நினைத்துப் பாருங்கள். முகாமில் இருப்பவர்களின் பட்டியல் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. காயம்பட்டவர்களின் பட்டியல் மருத்துவமனையிலும், காணாமல் போனவர்களின் பட்டியல் காவல் நிலையத்திலும் இருக்கின்றன. தொண்டு நிறுவனங்களிடம் வேறு தனித்தனிப் பட்டியல்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிறுவனத்திடம் வாங்கிய மென்பொருளில் கிடக்கிறது. ஒன்றில் இருப்பதை மற்றொன்று படிக்காது.

கைக்குழந்தையோடு அம்மாவைத் தேடி அலையும் ஒரு பெண்ணுக்கு இதனால் என்ன ஆகும்? அம்மா பக்கத்து ஊர் முகாமில் பத்திரமாக இருப்பார். அவர் பெயர் அங்கே பதிவாகியும் இருக்கும். மகள் கேட்கும் மேசையில் உள்ள கணினிக்கு மட்டும் அது தெரியாது. ஓரிடத்தில் லட்சுமி, இன்னோரிடத்தில் லெட்சுமி, மூன்றாவது இடத்தில் இலட்சுமி என்று எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

2005-ஆம் ஆண்டு அமெரிக்காவைக் கத்ரினா புயல் தாக்கியபோது இதுதான் நடந்தது. காணாமல் போனவர்களைத் தேட ஏராளமான இணையதளங்கள் முளைத்தன. எல்லாமே நல்ல எண்ணத்தில் தொடங்கியவைதான். ஆனால், உறவினர்கள் ஒவ்வொரு தளமாகப் போய்த் தேட வேண்டியிருந்தது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து, பல தளங்களின் விவரங்களை ஒரே இடத்தில் மீண்டும் பதிவு செய்தார்கள். அந்த அனுபவத்தில்தான், காணாமல் போனவர் பற்றிய குறிப்பை எந்த வரிசையில், எந்த வடிவத்தில் எழுதிப் பரிமாறிக்கொள்வது என்று ஒரு பொது வடிவம் பிறந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் உண்டு. அது எந்தத் தளத்தில் முதலில் எழுதப்பட்டது என்பதும் கூடவே வரும். பத்துத் தளங்களுக்கு நகல் போனாலும் அது ஒரே பதிவுதான் என்று கணினி கண்டுகொள்ளும்.

2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது கூகுள் தொடங்கிய ‘பர்சன் ஃபைண்டர்’ இந்த வடிவத்தைத்தான் பயன்படுத்தியது. 2011-இல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது அதில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன.

கொழும்பில் பிறந்த ‘நிவாரணம்’

நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு தொடங்கித் தெற்கே காலி, அம்பாந்தோட்டை வரை கடலோரம் முழுக்க அடி. உலகெங்குமிருந்து உதவி வந்து குவிந்தது. யார் எங்கே என்ன கொடுக்கிறார்கள், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன தேவை என்பதை ஒரே பார்வையில் சொல்ல ஆளில்லை.

இலங்கையின் மென்பொருள் பொறியாளர்கள் பலர் தன்னார்வத்தோடு கூடி ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் ‘சஹானா’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனவர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவும் அமைப்புகளின் பதிவேடு, எங்கே என்ன தேவை என்ற பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. எழுதியவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார்கள். 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010-இல் ஹைட்டி என்று அது பல நாடுகளுக்குப் போய் உழைத்தது.

மென்பொருள் திறந்ததாக இருப்பது ஒன்று. மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் வடிவம் திறந்ததாக இருப்பது இன்னொன்று. முதலாவது இருந்தால் ஏழை நாடும் செலவில்லாமல் தொடங்கலாம். இரண்டாவது இருந்தால்தான் எல்லோரும் சேர்ந்து வேலை செய்ய முடியும்.

செல்போனில் வரும் எச்சரிக்கை

எச்சரிக்கைகளுக்கும் இப்படி ஒரு பொது வடிவம் இருக்கிறது. ‘காமன் அலர்ட்டிங் புரோட்டோகால்’, சுருக்கமாக ‘கேப்’. 2004-இல் தரமாக அறிவிக்கப்பட்டது. முன்பெல்லாம் வானிலை அலுவலகம் ஒரு குறிப்பு எழுதும். டிவிக்காரர் அதைத் தன் மொழியில் சுருக்குவார், வானொலி இன்னொரு மாதிரி வாசிக்கும், அதிகாரி மூன்றாவது மாதிரி சொல்லுவார். கை மாறும் இடமெல்லாம் பிழை நுழைய வாய்ப்பு. கேப் வடிவத்தில் எச்சரிக்கையை ஒருமுறை எழுதினால் போதும். டிவி, குறுஞ்செய்தி, செயலி, சைரன் என எல்லாமே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரே செய்திக்குள் பல மொழிகளையும் வைக்கலாம்.

எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அது தனித்தனியாகப் பதில் கேட்கிறது. மூன்று நாள் கழித்து வரக்கூடிய பெரும்புயல் கடுமையானது, ஆனால் அவசரம் குறைவு. இதோ வந்துகொண்டிருக்கும் காட்டாற்று வெள்ளத்தில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க முடியாது. இரண்டையும் ‘எச்சரிக்கை’ என்ற ஒரே சொல்லால் சொன்னால் மக்கள் எதற்கு ஓடுவது, எதற்குக் காத்திருப்பது?

இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக, மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் இந்த வடிவத்தில் ‘சசேத்’ என்ற அமைப்பை உருவாக்கியது. சோதனை முயற்சி தமிழ்நாட்டில்தான் நடந்தது. வானிலைத் துறை, மத்திய நீர் ஆணையம், கடல்சார் தகவல் மையம் ஆகியவற்றின் எச்சரிக்கைகள் ஒரே வழியாக மாநில அதிகாரிகளிடம் வந்து, அங்கிருந்து பாதிக்கப்படும் பகுதியில் உள்ள செல்போன்களுக்கு அவரவர் மொழியில் போகின்றன. மழைக்காலத்தில் தமிழில் வரும் அந்தக் குறுஞ்செய்தியைப் பலர் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அழிக்கும் முன் ஒருமுறை படிப்பது நல்லது.

விதி எழுதினால் போதுமா?

பால்டிமோர் தீக்கு 100 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் 48 பெரிய நகரங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். தேசிய அளவிலான மரை கொண்ட தீயணைப்புக் குழாய்கள் இருந்தவை 18 நகரங்கள் மட்டுமே! பழைய குழாய்களை எல்லாம் மாற்றச் செலவாகும், அடுத்த தீ எப்போது வருமோ, பார்த்துக்கொள்ளலாம் என்ற மனசுதான் காரணம். மென்பொருளிலும் அதே ஆபத்து உண்டு. புதிதாக ஒன்று வாங்கும் நாளிலேயே, ‘எங்கள் தகவலை இன்னொரு துறையின் கணினியும் படிக்கும் வடிவத்தில் தர முடியுமா? உங்கள் ஒப்பந்தம் முடிந்தால் பதிவுகள் எங்கள் கையில் இருக்குமா?’ என்று அரசு கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இன்னொரு பயமும் நியாயமானது. எல்லாம் திறந்ததென்றால், முகாமில் தனியாக இருக்கும் குழந்தையின் பெயரும் படமும் யார் கண்ணிலும் படுமே? அப்படியல்ல. திறந்திருக்க வேண்டியது வடிவம்தான், தகவல் அல்ல. குழாயின் மரை அளவு ஊருக்கே தெரியும், அதற்காகத் தண்ணீர்த் தொட்டி மூடியில்லாமல் கிடப்பதில்லை. யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற கட்டுப்பாடு தனியாக வேண்டும். காணாமல் போனவர் பதிவுக்கான வடிவத்திலேயே, பதிவை எப்போது நீக்க வேண்டும் என்று குறிக்கும் வசதி பின்னால் சேர்க்கப்பட்டது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, உதவி கேட்ட எத்தனையோ செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. தேதியோ நேரமோ இல்லாததால், மீட்கப்பட்டவருக்காகவும் மறுநாள் வரை படகு தேடியவர்கள் உண்டு. வீட்டளவில் நாமும் ஒரு தரம் வைத்துக்கொள்ளலாம். யார், எங்கே, எத்தனை பேர், என்ன தேவை, தொடர்பு எண், எழுதிய தேதி, நேரம். இந்த ஏழும் இல்லாத செய்தியை அனுப்புவதில்லை என்று குடும்பக் குழுவிலும் குடியிருப்போர் சங்கத்திலும் இன்றைக்கே பேசி வையுங்கள். உதவி கிடைத்துவிட்டால், ‘கிடைத்துவிட்டது’ என்று அதே இடத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரி, நிஜமாகவே காத்திருக்கும் இன்னொரு வீட்டுக்குப் படகைத் திருப்பிவிடும்.